கால் டேங்க் காட்டிய முள்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுகிறவர்களுக்குத் தெரியும், அடிவாரத்தில் இருக்கும் முந்தலைத் தாண்டி மலைப்பாதை தொடங்கிவிட்டால் அப்புறம் வண்டியை ஓரங்கட்ட நல்ல இடம் கிடைப்பதே கஷ்டம். 17 கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். போன வருஷம் ஐப்பசியில், விடிந்தும் விடியாத நேரத்தில், அந்தப் பாதையில் பாதி ஏறியிருக்கும்போது என் ஜீப்பு இரண்டு தடவை கமறிவிட்டு நின்றுபோனது. பின்னால் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்கு வரும் ஐந்து பேர். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தால் முள் கால் டேங்குக்குக் கொஞ்சம் மேலேயே நிற்கிறது. டீசல் இருக்கிறது என்று நம்பி ஃபில்டர், பம்பு, ஒயர் என்று முக்கால் மணி நேரம் எல்லாவற்றையும் பார்த்தேன். கடைசியில் பின்சீட்டில் இருந்த பாண்டியம்மா அக்காதான் கேட்டது, "ஏன் தம்பி, டீசல் இருக்கானு ஒருக்கா எட்டிப் பாத்தியா?"

இல்லை. டேங்க் காலி.

பெட்ரோல் வண்டி என்றால் ஒரு கேன் வாங்கி ஊற்றிவிட்டுக் கிளம்பிவிடலாம். பழைய டீசல் என்ஜின் அப்படி இல்லை. டேங்க் வறண்டால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும், காற்று இருக்கிற வரைக்கும் பம்பு டீசலை அழுத்த முடியாது, எத்தனை தடவை செல்ஃப் அடித்தாலும் பேட்டரிதான் இறங்கும். கீழே இறங்கிய ஒரு லாரியை நிறுத்தி ஒரு கேன் டீசல் வாங்கினோம். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பில் இருக்கும் சின்னக் கைப்பம்பை அமுக்க அமுக்க, முதலில் புஸ் என்று காற்று, அப்புறம் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக, அப்புறம் நுரையும் டீசலும் கலந்து, ரொம்ப நேரம் கழித்துத்தான் குமிழி இல்லாமல் சுத்தமாக வழிந்தது. அந்த நேரத்தில் ஸ்க்ரூவை இறுக்கிவிட வேண்டும். பிறகு இன்ஜெக்டர் நட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திக் காற்றெடுத்து, வண்டி உயிர் பெறும்போது மணி ஒன்பதரை. ஐந்து பேருக்கும் அன்றைய கூலியை முழுசாகக் கொடுத்தேன், அது என் கடமை.

இந்த வண்டி எனக்குக் கைமாறி வந்தது. தொண்ணூறுகளில் வந்த டீசல் ஃபோர் வீல் டிரைவ், நான் மூன்றாவது ஆள். எனக்கு விற்ற பெரியவர் சின்னமனூர்க்காரர், சாவியைக் கொடுக்கும்போது கூடவே ஒரு மூங்கில் குச்சியையும் கொடுத்தார், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, கத்தியால் வெட்டிய ஐந்து கோடுகள். "முள்ள நம்பாதீங்க தம்பி, குச்சிய விட்டுப் பாருங்க" என்றார். என் வண்டியில் டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் டேங்க், டீசல் ஊற்றும் குழாயும் வளையாமல் நேராக இறங்கும், அதனால் குச்சி விட முடியும். (இப்போது வரும் வண்டிகளில் குழாய் வளைந்து போகிறது, உள்ளே தடுப்பும் இருக்கிறது, குச்சி போகாது.) குச்சியை வாங்கி சீட்டுக்குப் பின்னால் போட்டேன். மீட்டர் வேலை செய்கிற மாதிரிதான் தெரிந்ததால் அதைத் தொடவில்லை.

அந்த 'வேலை செய்கிற மாதிரி' என்பதுதான் ஆபத்து. முள் அடியோடு செத்துப்போயிருந்தால் யாரும் அதை நம்பமாட்டார்கள். என்னுடையது ஏறியது, இறங்கியது, ஃபுல் அடித்தால் ஃபுல் காட்டியது. பின்னால் யோசித்துப் பார்க்கும்போதுதான் இரண்டு விஷயம் பிடிபட்டது. ஒன்று, கால் கோட்டுக்குக் கீழே அந்த முள் இறங்கி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இன்னொன்று, பாதி டேங்க் இருக்கும்போது குண்டு குழியில் விழுந்தால் முள் சடாரென்று ஃபுல்லுக்குத் தாவிவிட்டு மறுபடி கீழே வரும். இந்த இரண்டும் ஒரே நோய் இல்லை, இரண்டு தனித்தனி நோய் என்று தெரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

முதலில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். அவர் டேஷ்போர்டைப் பிரித்து மீட்டரை மாற்றினார். பழைய மீட்டர் காட்டிய அதே பொய்யை மாற்றிய மீட்டரும் காட்டியது. அதற்கு ஆன செலவு போனதுதான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் இதைப் படிக்கிறவர்கள் யாரும் அந்த வரிசையில் போகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். டீசல் மீட்டர் தப்பாகக் காட்டினால் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது மீட்டரை. முதலில் பார்க்க வேண்டியது எர்த் (டேங்கை வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸோடு சேர்க்கும் இணைப்பு), அடுத்து டேங்க் யூனிட் (டேங்குக்குள் டீசல் அளவைப் பார்க்கும் கருவி), அப்புறம் ஒயர்.

ஏன் என்று சொல்கிறேன். டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது, அது ஒரு கம்பிக் கையின் நுனியில் உட்கார்ந்திருக்கும். டீசல் ஏறினால் மிதவை ஏறும், அந்தக் கை ஒரு சின்னத் தகட்டை மெல்லிய தடைக்கம்பி மேல் இங்கும் அங்கும் நகர்த்தும். தகடு எந்த இடத்தில் நிற்கிறதோ அதைப் பொறுத்து மின்தடை மாறும். டேஷ்போர்டில் இருக்கும் மீட்டருக்கு டீசலைப் பற்றி எதுவும் தெரியாது, அது அந்தத் தடையை மட்டும்தான் படிக்கிறது. என் வண்டியில் டேங்க் காலியாக இருந்தால் சுமார் 10 ஓம், நிறைந்தால் 180 ஓம். ஐரோப்பிய வகை என்று கடைக்காரர்கள் சொல்வது இது. அமெரிக்க வகை ஒன்று இருக்கிறது, அது தலைகீழ், காலிக்கு 240, ஃபுல்லுக்கு 33. இன்னொன்று காலிக்கு 0, ஃபுல்லுக்கு 90. ஒன்றின் யூனிட்டை இன்னொன்றின் மீட்டரோடு சேர்த்தால் எந்த ஜென்மத்திலும் சரியாகக் காட்டாது. பழைய வண்டிகளில் முந்தின ஓனர் யாராவது கிடைத்த யூனிட்டை மாட்டி வைத்திருப்பார், அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் உங்கள் வண்டி எந்த வகை என்று அளந்து தெரிந்துகொள்ளுங்கள்.

அளப்பதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும், சாதாரணமானதே போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டைத் தூக்கி, டேங்க் மேல்தகட்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் சோதனைக்கு மல்டிமீட்டர்கூட வேண்டாம். யூனிட்டிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு சாவியைப் போட்டேன், முள் ஃபுல்லுக்குப் போய் நின்றது. அதே ஒயரோடு ஒரு நீள ஒயரைச் சேர்த்து, டேங்கை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய் சேஸிஸில் இரண்டு விநாடி தொட்டேன், முள் காலிக்கு இறங்கியது. இந்த இரண்டும் நடந்தால் மீட்டரும் அதுவரை வரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். அமெரிக்க வகை மீட்டர் என்றால் இதற்கு நேர் எதிராக நடக்கும், கழற்றினால் காலி, தொட்டால் ஃபுல். ரொம்ப நேரம் தொட்டு வைத்திருக்காதீர்கள், சில பழைய மீட்டர்களில் உள்ளே இருக்கும் சூடாகும் கம்பி கெட்டுவிடும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன், பெட்ரோல் வண்டி என்றால் திறந்த டேங்க் பக்கத்தில் இந்த ஒயர் வேலை எதுவும் வேண்டாம். பெட்ரோல் ஆவி மார்கழிக் குளிரிலும் தீப்பிடிக்கும். டீசல் அவ்வளவு சீக்கிரம் பற்றாது என்றாலும் வெயிலில் காய்ந்த டேங்க் பக்கத்தில் தீப்பொறி விடுவது தப்புதான்.

அடுத்து பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். இரண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று தொட்டால் 0.3 காட்டியது, அது ஒயரின் சொந்தத் தடை, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரு முனையை யூனிட்டின் மூடித் தகட்டிலும் இன்னொன்றை சேஸிஸின் சுத்தமான இரும்பிலும் வைத்தேன். ஒரு ஓம்கூட வரக்கூடாத இடம். 38 காட்டியது. எனக்கு நம்பிக்கை வராமல் மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தேன். 38, 37, 38.

அந்த நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. டேங்க் காலியாக இருக்கும்போது யூனிட் 10 ஓம் சொல்கிறது, அதோடு எர்த்தில் இருக்கும் 38ம் சேர்ந்து மீட்டருக்கு 48 போகிறது. 48 என்றால் அந்த மீட்டருக்குக் கால் டேங்க். அதனால்தான் முள் கால் கோட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. முள் பொய் சொல்லவில்லை, அதற்குச் சொல்லப்பட்டதை அப்படியே சொன்னது.

டேங்க் இரும்பு, சேஸிஸ் இரும்பு, இரண்டும் ஒன்றோடு ஒன்று முடுக்கப்பட்டிருக்கிறது, அப்புறம் எர்த் எப்படிப் போகும் என்று கேட்கலாம். குனிந்து பார்த்தால்தான் தெரியும். டேங்குக்கு அடியில் ரப்பர் பட்டை, மேலே பிடிக்கும் பட்டைக்கு அடியில் ஒரு கித்தான் பட்டை, டீசல் போகிற குழாயும் ரப்பர். டேங்க் முழுக்க இரும்பாக இருந்தும் மின்சாரத்துக்கு அது ஒரு தீவு. கரையோடு அதைச் சேர்ப்பது ஒரே ஒரு எர்த் ஒயர், ஒரே ஒரு ஸ்க்ரூ. என் வண்டியில் அந்த ஸ்க்ரூவைக் கழற்றியபோது அடியில் டீத்தூள் மாதிரி துரு கொட்டியது. ஒயர் நுனியின் செம்பு பச்சை பூத்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. யாரோ ஒரு காலத்தில் வண்டிக்கு பெயின்ட் அடிக்கும்போது அதன் மேலேயே பூசியிருக்கிறார்கள், துருவுக்கும் இரும்புக்கும் நடுவில் அந்தப் பச்சைப் பெயின்ட் ஒரு ஏடு மாதிரி உட்கார்ந்திருந்தது.

உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரிகிற வரைக்கும் தேய்த்தேன். புது ஒயர், இரண்டு நுனியிலும் லக் (ஸ்க்ரூவில் மாட்டும் உலோக வளையம்) அடித்து, ஒரு நுனி யூனிட் மூடியின் ஸ்க்ரூவில், இன்னொன்று சேஸிஸில் புதிதாகத் துளை போட்டு நட்டுப் போல்ட்டில். மேலே கிரீஸ் தடவிவிட்டேன், மழைத்தண்ணீர் ஏறாமல் இருக்க. மறுபடி அளந்தால் 0.4, ஒயரின் 0.3ஐக் கழித்தால் ஒன்றுமே இல்லை. சாவியைப் போட்டதும் முள் இறங்கி, அன்றைக்கு டேங்கில் உண்மையாக எவ்வளவு இருந்ததோ கிட்டத்தட்ட அங்கே வந்து நின்றது. செலவு முப்பது ரூபாய்கூட இல்லை.

பாதி டேங்கில் தாவுகிற நோய் அப்படியே இருந்தது. அதற்கு யூனிட்டைக் கழற்றியே ஆக வேண்டும். ஐந்து ஸ்க்ரூ, முதல் நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறவைத்தேன், இல்லையென்றால் தலை மழுங்கிவிடும். அந்த ஐந்து துளையும் சமமான இடைவெளியில் இருக்காது, ஒரு பக்கமாக மட்டும்தான் உட்காரும். அது நல்லது, திருப்பி மாட்ட வழியில்லை. கையை வளைக்காமல், சாய்த்துச் சாய்த்து, மிதவை கடைசியாக வெளியே வரும்படி எடுக்க வேண்டும்.

மிதவையைக் காதுப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே டீசல் புகுந்திருந்தால் சளசளக்கும், அப்படியானால் மிதவை தாழ்ந்து எப்போதும் குறைவாகவே காட்டும். என்னுடையதில் சத்தமில்லை. கையை மெதுவாக மேலே தூக்கிக்கொண்டே மல்டிமீட்டரைப் பார்த்தேன். 10, 24, 40, 61, 78, அப்புறம் ஒன்றுமே இல்லை, திரை வெறுமை, கொஞ்சம் தூக்கியதும் 96, 120 என்று மறுபடி தொடர்ந்து 182 வரை போனது. நடுவில் ஒரு விரல் அகலத்துக்குத் தடைக்கம்பி தேய்ந்து அறுந்திருந்தது. மலையில் ஓடுகிற வண்டி, பாதி டேங்கில் டீசல் எப்போதும் அலம்பிக்கொண்டே இருக்கும், தகடு வருஷக்கணக்காக அதே இடத்தில் உராய்ந்து உராய்ந்து பள்ளம் பறித்துவிட்டது. அந்த இடத்தில் தகடு வந்தால் தொடர்பு அறுகிறது, தொடர்பு அறுந்தால் என் வகை மீட்டர் ஃபுல் காட்டும். குழியில் விழும்போது முள் தாவியது இதனால்தான்.

கம்பி அறுகாமல் வெறும் அழுக்கோ கறுப்போ படிந்திருந்தால் துடைத்தே சரிசெய்யலாம். சில யூனிட்டுகளில் தொடும் முனை வெள்ளி. வெள்ளிக் கொலுசு கறுப்பது எப்படியோ அப்படியே கந்தகம் பட்டால் அதுவும் கறுக்கும், கறுப்பு மின்சாரத்தைத் தடுக்கும். 2004 மே மாதம் அமெரிக்காவில் புளோரிடா பக்கம் பெட்ரோலில் கந்தகம் கலந்துபோய், நிறைய கார்களின் மீட்டர் ஒரே நேரத்தில் கெட்டு, பெட்ரோல் பங்குகளில் விற்பனையையே நிறுத்தினார்கள். நம் ஊரில் 2020 ஏப்ரலிலிருந்து டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான் இருக்கலாம் என்று ஆகிவிட்டது, அதனால் இனி அந்தப் பயம் குறைவு. ஆனால் பழைய வண்டியில் பழைய கறுப்பு இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

புது யூனிட்டுக்கு மதுரை போனேன். பழையதைக் கையில் கொண்டுபோனதுதான் உதவியது. கடைக்காரர் இரண்டு யூனிட்டை எடுத்து வைத்தார், பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான். மல்டிமீட்டரை வைத்தால் ஒன்று 240லிருந்து கீழே வருகிறது, இன்னொன்று 10லிருந்து மேலே போகிறது. அளக்காமல் வாங்கியிருந்தால் தலைகீழ் மீட்டரோடு ஊர் திரும்பியிருப்பேன். கையின் நீளத்தைப் பழையதோடு ஒட்டி வைத்துப் பார்த்து வெட்டி வளைத்தேன். டேங்கின் ஆழத்தில் சரிபாதிக்குக் கையின் அச்சு வர வேண்டும், அப்போதுதான் மிதவை அடியிலும் இடிக்காமல் மேலேயும் முட்டாமல் முழுசாக ஏறி இறங்கும்.

மாட்டியதோடு வேலை முடியவில்லை, அளந்து சரிபார்க்க வேண்டும். டேங்கைக் காலி செய்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, 5 லிட்டர் 5 லிட்டராக ஊற்றினேன். என் கேனை நம்பவில்லை. ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் அரசு முத்திரை குத்திய 5 லிட்டர் அளவை இருக்கும், கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும், அது நம் உரிமை. அதில் அளந்துதான் கேனில் கோடு போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு 5 லிட்டருக்கும் முள் எங்கே நிற்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டே, பெரியவரின் மூங்கில் குச்சியையும் விட்டுப் பார்த்தேன். அவர் வெட்டிய ஒவ்வொரு கோடும் 9 லிட்டர். ஐந்து கோடு, 45 லிட்டர், டேங்க் சரியாக அவ்வளவுதான். கோடுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி சமமாக இல்லை, கீழே அகலம், மேலே நெருக்கம். ஏனோதானோ என்று வெட்டியிருப்பார் என்று முதலில் நினைத்திருந்தேன். டேங்கின் அடிப்பக்கம் குறுகல், மேல்பக்கம் அகலம், அதனால் அடியில் 9 லிட்டருக்கு அதிக உயரம் வேண்டும், மேலே குறைந்த உயரமே போதும். அவர் லிட்டர் லிட்டராக ஊற்றி அளந்து வெட்டியிருக்கிறார்.

முள்ளும் அதே கதைதான். சமமாக இறங்காது. ஃபுல்லிலிருந்து பாதிக்கு வர 25 லிட்டர், பாதியிலிருந்து காலிக்கு 20. 'பாதி இருக்கிறதே, வந்த தூரம் இன்னும் போகலாம்' என்று கணக்குப் போட்டால் ஐம்பது கிலோமீட்டர் இடிக்கும்.

காலிக் கோட்டை மட்டும் நான் வேண்டுமென்றே மாற்றி வைத்தேன். மேட்டில் ஏறும்போது டீசல் எல்லாம் டேங்கின் பின்பக்கம் ஓடிவிடும், என் வண்டியில் உறிஞ்சும் குழாய் முன்பக்கம். சமதளத்தில் 4 லிட்டர் இருந்தாலும் ஏற்றத்தில் குழாய் காற்றைத்தான் குடிக்கும். அதனால் மிதவைக் கையை ஒரு சுண்டு சுண்டி, 7 லிட்டர் இருக்கும்போதே முள் காலியில் படுக்கும்படி வைத்தேன். மலை ஏறுகிற எல்லா வண்டிக்கும் இதைச் செய்யலாம் என்பது என் கருத்து. ஃபுல்லில் ஒரு நூலளவு குறைத்துக் காட்டுகிறது, காட்டட்டும்.

விட்டுப்போன ஒன்று. டீசல் மீட்டரோடு சேர்ந்து டெம்பரேச்சர் மீட்டரும் ஒரே நேரத்தில் ஏறுமாறாகக் காட்டினால் டேங்கைக் கழற்றாதீர்கள். பழைய வண்டிகள் பலவற்றில் இரண்டு மீட்டருக்கும் பொதுவாக வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்னப் பெட்டி டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும், தப்பு அங்கேதான் இருக்கும்.

தை மாதம் சின்னமனூர் வழியாகப் போனபோது பெரியவர் வீட்டுக்கு வண்டியோடு போனேன். மீட்டரைச் சரிசெய்துவிட்டேன் என்று சொன்னதும் ஒன்றும் சொல்லாமல் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுக் குச்சியை எடுத்தார், மூடியைத் திறந்து விட்டார், வெளியே இழுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஈரம் மூன்றாவது கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. என்னிடம் சாவியைப் போடச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக எட்டி முள்ளைப் பார்த்தார், மறுபடி குச்சியைப் பார்த்தார், மறுபடி முள்ளை.

"எர்த்தா தம்பி?" என்றார்.

"எர்த்தும் யூனிட்டும், ஐயா."

தோளில் கிடந்த துண்டால் குச்சியை நுனியிலிருந்து அடிவரை துடைத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். "இதுவும் வண்டியோடவே இருக்கட்டும்" என்றார்.